வில்லங்கத்துக்கு ஒரு விருந்து

கோடை முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் பண்ணைகளில் ஒரு வகை விருந்து நடக்கும். வயலோரத்தில் ஒரே நீள மேசை. எதிரெதிராக நூறு, நூற்றைம்பது பேர். தட்டில் இருப்பது அந்தப் பண்ணையிலும் பக்கத்துப் பண்ணைகளிலும் விளைந்த தக்காளி, சோளம், ஆட்டிறைச்சி. பின்னால் நூறு வயதைத் தாண்டிய மரக் கொட்டகை. இந்த நீள்மேசைப் பாணியை நாடெங்கும் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் ஜிம் டெனவன் என்ற சமையல் கலைஞர். 1999-ல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் தொடங்கினார். அவருடையது தொழில். நாம் பேசும் விருந்தோ நிதி திரட்ட நடப்பது. நடத்துவது நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாப்பாடு ஒரு சாக்கு. வந்தவர்கள் பணம் வைக்க வந்தவர்கள். ஆனால் மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். இங்கே கொடுத்தது கொடுத்ததுதான். வருமான வரியில் கொஞ்சம் கழிவு கிடைக்கலாம், அதுவும் முழுத் தொகைக்கு இல்லை. டிக்கெட் 200 டாலர், சாப்பாட்டின் மதிப்பு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால், நன்கொடையாகக் கணக்கில் வருவது 120 மட்டுமே. இப்படி 75 டாலருக்கு மேல் வாங்கும்போது, சாப்பாட்டின் மதிப்பு எவ்வளவு என்பதை எழுத்தில் தெரிவிப்பது அறக்கட்டளையின் கடமை.

சரி, இந்தப் பணத்தில் நிலம் வாங்குகிறார்களா? பெரும்பாலும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த அறக்கட்டளைகள் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் நிலம் வாங்கப்போகிறவர் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். வில்லங்கம் இல்லை என்றால்தான் தூக்கம் வரும். இவர்கள் செய்வது நேர்மாறு: நிலத்தின்மேல் வேண்டுமென்றே ஒரு வில்லங்கத்தை ஏற்றிவைப்பது. விவசாயி தன் நிலத்தை இழப்பதில்லை. உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மனை பிரித்து வீடு கட்டும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்துப் பத்திரம் பதிகிறார். அந்தத் தடை அவரோடு போவதில்லை. அடுத்து வாங்குபவரையும், அவருக்கு அடுத்தவரையும் கட்டுப்படுத்தும். காலக்கெடு கிடையாது.

இதற்கு விலையும் உண்டு. மனையாக விற்றால் பத்து லட்சம் டாலர் பெறும் நிலம், விளைநிலமாக மட்டும் நான்கு லட்சம்தான் பெறும் என்றால், விட்டுக்கொடுத்த உரிமையின் மதிப்பு ஆறு லட்சம். அதைச் சிலர் தானமாகக் கொடுத்து வரிக் கழிவு பெறுகிறார்கள். சிலரிடமிருந்து அரசும் அறக்கட்டளையும் விலைக்கு வாங்குகின்றன. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டி 1974-லேயே இப்படி வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு லட்சத்தைப் பதினெட்டு லட்சமாக மதிப்பிட்டு வரி ஏய்த்தவர்களும் இல்லாமல் இல்லை; பலர் கூட்டாகச் சேர்ந்து செய்த அந்த வேலைக்கு 2022-ன் இறுதியில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கடிவாளமிட்டது.

நிலம் இருக்கட்டும், அந்த மரக் கொட்டகை போன்ற பழைய கட்டடங்களைக் காப்பது இதில் எங்கே வந்தது? இரண்டும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு, நான் அறிந்தவரை, ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டைவிட நல்ல சாட்சி இல்லை. வர்ஜீனியாவில் போட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் மவுன்ட் வெர்னான் மாளிகை பாழாகிக்கொண்டிருந்தபோது, ஆன் பமீலா கன்னிங்ஹாம் 1853-ல் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். நாடு முழுக்க நிதி திரட்டி, 1858-ல் இரண்டு லட்சம் டாலருக்கு வீட்டை விலை பேசினார்கள். வீடு பிழைத்தது. ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து வேறு சிக்கல். அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றால் கண்ணில் படுவது ஆற்றின் எதிர்க்கரை. அது வேறு மாநிலம், மேரிலாந்து. 1950-களில் அங்கே எண்ணெய்க் கிடங்கு வரப்போகிறது என்றார்கள். வீட்டைக் காப்பாற்றிய சங்கத்துக்கு எதிர்க்கரையில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை.

சங்கத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரான்சஸ் போல்டன், எதிர்க்கரையில் ஏறக்குறைய 500 ஏக்கர் பண்ணையைத் தம் பணத்தில் வாங்கினார். அந்தக் கரைக் காட்சியைக் காக்க 1957-ல் அக்கோகீக் அறக்கட்டளை பிறந்தது. 1961-ல் நாடாளுமன்றம் அதே கரையில் பிஸ்காடவே பூங்காவுக்கு ஒப்புதல் தந்தது. சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் பலர், மரங்களை வெட்டிக் காட்சியைக் கெடுக்க மாட்டோம் என்று தங்கள் நிலங்களின்மேல் வில்லங்கத்தை எழுதிக்கொடுத்தார்கள். சுவரையும் கூரையையும் பழுதுபார்ப்பதோடு வேலை முடிவதில்லை. அந்தக் கட்டடம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றதோ, அதையும் காக்க வேண்டியிருக்கிறது. மேசைக்குப் பின்னால் நிற்கும் மரக் கொட்டகையின் கதையும் அதுதான். சுற்றிலும் வயல் இருந்தால்தான் அது கொட்டகை. வீடுகள் முளைத்துவிட்டால் கல்யாணப் படம் எடுக்கும் இடம்.

இனி விருந்துப் பணத்துக்கு வருவோம். உரிமையை வாங்க அரசு மானியம் கிடைக்கும். அளவையாளர், மதிப்பீட்டாளர், வழக்கறிஞர் ஆகியோருக்கான செலவு பெரும்பாலும் அறக்கட்டளையின் தலையில் விழும். அதைவிடப் பெரிது, பத்திரம் பதிந்த பின் வருவது. முதல் உரிமையாளர் ஆசையோடு கையெழுத்திட்டவர். முப்பது ஆண்டு கழித்து வாங்குபவருக்கு அந்த ஆசை இருக்க வேண்டிய அவசியமில்லை. 'குதிரை லாயம்' என்று சொல்லி விருந்தினர் மாளிகை கட்டுவார், நீதிமன்றத்துக்கும் போவார். இத்தகைய வழக்குச் செலவுக்காக அறக்கட்டளைகள் பல சேர்ந்து 2013-ல் டெர்ராஃபிர்மா என்ற காப்பீட்டு நிறுவனத்தையே தொடங்க வேண்டிவந்தது.

புது நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்றால் கொடையாளர் கை நீளும். பழைய பத்திரத்தைக் காவல் காக்கிறோம் என்றால் யாரும் அவ்வளவு உற்சாகமாகக் கொடுப்பதில்லை. அதனால்தான் இன்ன செலவுக்கென்று கட்டுப்படாத பணம் தேவைப்படுகிறது; விருந்து தருவது அந்தப் பணம். டிக்கெட் விற்பனையில் பாதி, கூடாரம், ஜெனரேட்டர், நடமாடும் கழிப்பறை, மழை வந்தால் மாற்று ஏற்பாடு என்றே கரைந்துவிடக்கூடும். லாபம் பெரும்பாலும் உள்ளூர் வங்கியும் கடைகளும் தரும் விளம்பரக் கொடையிலிருந்தும், பழ அப்பம் பரிமாறும் நேரத்தில் நடக்கும் ஏலத்திலிருந்தும் வருகிறது.

இத்தனை விலை கொடுத்து அந்த மேசையில் உட்கார, பக்கத்து வயலின் விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டால், பல இடங்களில் ஆகாது. வரிச்சலுகை பெற்ற பல நிலங்களில் பொதுமக்கள் காலடி வைக்கவும் முடியாது. இந்த இரண்டு குறைகளையும் நடத்துபவர்கள் அறிவார்கள். சிலர் நடைபாதை திறந்து, மலிவான சுற்றுலாச் சாப்பாட்டு நாளும் நடத்துகிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை அறக்கட்டளையின் ஆள் ஒருவர் வரைபடமும் கேமராவுமாக வந்து, எல்லைக் கற்களை ஒட்டி நடப்பார். புதிய கூரை ஏதும் முளைத்திருக்கிறதா, ஓடையை யாராவது மண் கொட்டி மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பார். சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு, 'மாற்றம் ஏதுமில்லை' என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்புவார்.