பன்றிக்கு உள்ளே என்ன நடக்கிறது? – ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்



மாடு, ஆடு, கோழி பற்றி நம் இதழில் நிறைய எழுதுகிறோம். பன்றி என்றால் கொஞ்சம் தயங்குகிறோம். ஆனால் ஒருங்கிணைந்த பண்ணையம் செய்கிறவர்களில் வெண்பன்றி வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்ச நாள் முன்பு மலையடிவாரத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். 14 பன்றிகளில் ஒரே வாரத்தில் 3 செத்துவிட்டன. "வியாபாரி வந்து நிக்கிறார் சார். மீதியைப் பாதி விலைக்குக் கேட்கிறார். வித்துடட்டுமா? கடன் வேற இருக்கு" என்றார். வங்கியில் இருந்த காலத்தில் பன்றிப் பண்ணைகளுக்குக் கடன் கொடுத்தவன் நான். அந்தக் கேள்வியின் வலி எனக்குத் தெரியும். இருந்தாலும், "விக்காதீங்க தம்பி, முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க" என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது புரிய வேண்டுமானால், இந்த நோய் பன்றியின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

1921-ல் கென்யாவில் மான்ட்கோமரி என்பவர் இதைப் பதிவு செய்தார். அங்குள்ள காட்டுப்பன்றி இனங்களின் உடம்பிலும், ஒருவகை மென் உண்ணியிலும் இந்த வைரஸ் எந்தத் தொல்லையும் தராமல் காலங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுபோன வீட்டுப் பன்றிகளுக்குப் பரவியதும் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2007-ல் ஜார்ஜியா நாட்டுக்கும், 2018-ல் சீனாவுக்கும் போனது. 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கண்டுபிடித்தார்கள். 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பகுதிக்கு வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் நம் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இது உறுதியானது. ஆக, இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மனிதருக்கு வராது. மாடு, ஆடு, கோழி, நாய்க்கும் வராது. பன்றி இனத்துக்கு மட்டும்தான்.

காவல்காரனையே பிடிக்கும் கிருமி

கிருமி பெரும்பாலும் வாய், மூக்கு வழியாக நுழைகிறது. முதலில் தொண்டையில் உள்ள டான்சிலிலும், பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் பெருகுகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து மண்ணீரல், கல்லீரல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை என்று எல்லா இடத்துக்கும் போகிறது.

உடம்பில் மேக்ரோபேஜ் என்ற செல்கள் உண்டு. அந்நியக் கிருமி வந்தால் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. ஒருவகையில் தோட்டத்துக் காவல்காரன். மற்ற கிருமிகள் காவல்காரன் கண்ணில் படாமல் ஒளியப் பார்க்கும். இந்த வைரஸோ காவல்காரனுக்குள்ளேயே குடியேறி, அங்கேயே பெருகி, அவனை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

சாவதற்கு முன் அந்தச் செல்கள் அபாயச் சங்கு ஊதுவதுபோல் சில வேதிப்பொருட்களை ஏராளமாகக் கொட்டுகின்றன. காய்ச்சல் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவது இதனால்தான். கூடவே இன்னொரு கேடும் நடக்கிறது. எதிர்ப்பு சக்தியின் இன்னொரு படையான லிம்போசைட் செல்களை இந்த வைரஸ் தொடுவதே இல்லை. ஆனாலும் கொட்டிய வேதிப்பொருட்களின் தாக்கத்தில் அவை கூட்டங் கூட்டமாகச் செத்துப்போகின்றன.

அடுத்து ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. நுண்ணிய குழாய்களுக்குள் ஆங்காங்கே ரத்தம் உறைகிறது. உறைய வைக்கும் தட்டணுக்கள் அங்கேயே செலவாகித் தீர்ந்துவிடுவதால், மற்ற இடங்களில் ரத்தம் உறையாமல் கசிய ஆரம்பிக்கிறது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் அடைப்பு, மறு பக்கம் கசிவு. வாய்க்கால் மேட்டில் அடைத்துக்கொண்டு, கடைமடையில் கரை உடைந்த மாதிரி.

மண்ணீரல் இயல்பைவிடப் பல மடங்கு பெருத்து, கறுத்து, தொட்டால் நைந்துபோகிற மாதிரி ஆகிவிடும். வயிறு, கல்லீரல், சிறுநீரகம் பக்கத்து நிணநீர்க் கணுக்கள் ரத்தக் கட்டி போலவே இருக்கும். சிறுநீரகத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சில பன்றிகளுக்கு மூக்கில் நுரை தள்ளுவது இதனால்தான். இவையெல்லாம் மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் பார்ப்பவை. நாம் கத்தி எடுத்துப் பார்க்கக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வெளியே என்ன தெரியும்?

கிருமி நுழைந்து 4 முதல் 19 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். தீனி எடுக்காது. ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படுக்கும். எழுப்பினால் தள்ளாடும். காது, அடிவயிறு, தொடை செந்நீலமாக மாறும். ரத்தப் பேதியோ வாந்தியோ இருக்கலாம். சினைப் பன்றி கருச்சிதைந்துவிடும். சில பன்றிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். வீரியமான வகையாக இருந்தால் பிடித்த பன்றிகள் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்.

இதில் ஏமாந்துவிடக் கூடிய இடம் ஒன்று இருக்கிறது. இது கோழிக் கழிச்சல் போல ஒரே நாளில் பட்டி முழுக்கப் பரவாது. முதலில் ஒன்று சாகும், நாலு நாள் கழித்து இரண்டு. "வெயிலுக்குப் போச்சு", "தீனி சேரலை" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டு இருப்போம். அதற்குள் காலம் கடந்துவிடும்.

நம் ஊரில் பழகிய பழைய பன்றிக் காய்ச்சலும் வெளியே பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது வேறு வைரஸ், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அந்த ஊசி இதற்குப் பலிக்காது. எது என்று ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். நம் நாட்டில் இதற்கான தேசிய ஆய்வகம் போபாலில் இருக்கிறது.

பஞ்சகவ்யா கொடுக்கலாமா?

நம் இயக்கத்து நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். நானும் பஞ்சகவ்யாவை நம்பிப் பயன்படுத்துகிறவன்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் நோய் போகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. எதிர்ப்பு சக்தியின் செல்தானே இந்தக் கிருமிக்கு வீடு! நிலவேம்போ, மஞ்சளோ, ஆன்டிபயாட்டிக்கோ, எதுவும் இதைக் குணப்படுத்தாது.

தடுப்பூசி கண்டுபிடிக்கச் சிரமப்படுவதும் இதே காரணத்தால்தான். இந்த வைரஸ் அளவில் பெரியது, 150-க்கும் மேற்பட்ட புரதங்களைச் செய்யக்கூடியது. உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருட்களால் மட்டும் இதை முழுதாக முடக்க முடிவதில்லை. வியட்நாமில் வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசிக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். நம் நாட்டில் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ரத்தம்தான் ஆபத்து

நோயின் உச்சத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். குளிர்ச்சியான இடத்தில் அந்த ரத்தத்தில் 18 மாதம் வரைகூடக் கிருமி உயிரோடு இருக்கும். உப்புக்கண்டம், உறைய வைத்த கறி எல்லாவற்றிலும் தங்கும். அதனால்தான் செத்த பன்றியை வீட்டில் அறுக்கக் கூடாது என்கிறேன். சிந்தும் ஒவ்வொரு சொட்டும் மண்ணில், செருப்பில், நாயின் வாயில் ஏறிப் பயணம் போகும்.

இப்போது அந்த வியாபாரி கதைக்கு வாருங்கள். பாதி விலைக்கு வாங்கிய பன்றி எங்கே போகும்? இன்னொரு ஊர் கசாப்புக்கு. அந்தக் கறியின் கழிவு ஓட்டல் தொட்டிக்கு. அந்தக் கழிவு நாலு பண்ணைக்குத் தீனியாக. நூறு மைல் தாண்டி நோய் போவது பெரும்பாலும் பன்றி நடந்தோ உண்ணி பறந்தோ அல்ல. நம் வண்டியிலும் நம் பயத்திலும்தான்.

நாம் செய்ய வேண்டியவை

* ஓட்டல், கல்யாண மண்டபக் கழிவைப் பச்சையாகப் போடவே கூடாது. வேறு வழி இல்லையென்றால் 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். முடிந்தவரை தவிடு, பிண்ணாக்கு, அசோலா, காய்கறிக் கழிவு என்று மாறுங்கள்.
* காடு ஒட்டிய பண்ணை என்றால் இரட்டை வேலி போடுங்கள். காட்டுப்பன்றி மூக்கு நுழைக்க இடம் தராதீர்கள்.
* கொட்டகைக்குத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரியையும் அவர் வண்டியையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.
* சாணத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் கரைசல் தெளிக்க வேண்டும். சாணத்தின் மேல் தெளித்தால் வீண்.
* புதுப் பன்றியைக் குறைந்தது 30 நாள் தனியாக வைத்துப் பாருங்கள்.
* சாவு நடந்தால் கால்நடை மருத்துவரிடமோ 1962 எண்ணிலோ உடனே சொல்லுங்கள். இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அழித்துச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைப்பார்கள். அப்படி அழிப்பதற்கு எடையை வைத்து அரசு இழப்பீடு உண்டு. முன்பே செத்ததற்கோ, விற்றுவிட்டதற்கோ கிடைக்காது. அதனால் கணக்குப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதே லாபம்.

அந்தத் தம்பி விற்கவில்லை. மருத்துவர் வந்து மாதிரி எடுத்தார். முடிவு வருவதற்குள் இன்னும் 5 செத்தன. வந்தது ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை. பழைய பன்றிக் காய்ச்சல். ஊசி போட்டிருந்தால் 8 பன்றியும் பிழைத்திருக்கும். "செலவுன்னு தள்ளிப் போட்டேன் சார்" என்றார். மீதி 6 பன்றியும் அவர் பட்டியிலேயே இருக்கின்றன. சுற்றியுள்ள பட்டிகளில் ஒன்றும் சாகவில்லை.

இந்தப் பருவத்தில் ஊசி போடாதவர்கள் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். ஊசி இல்லாத நோய்க்கு வேலியும், சுத்தமும், உண்மையைச் சொல்கிற துணிச்சலும்தான் மருந்து.