மரப்பொந்திலுள்ள தேனீக்கள்



வளவு மரத்தின் பொந்தில் தேனீக்கள் குடியேறினால், இரவில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைப்போர் நம்மில் உளர். மரங்களிலும் வீடமைக்குமாறு தேனீக்கு அறிவித்தவன் அல்லாஹ் என்பதை ஸூரத்துந் நஹ்லின் 68ஆம் வசனம் உணர்த்துகின்றது. தேனீயைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆயினும் சிறுவர் விளையாடுமிடத்தில் அவற்றை விட்டுவைக்கவும் இயலாதே! எனவே இடம் மாற்றுவதே வழியாகும்.

பொந்தில் வாழ்வது பெரும்பாலும் பெட்டியில் வளர்க்கத்தக்க சிறிய தேனீயாகும். உயரக் கிளையில் ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீயோ வேறு இனம், அதனை நெருங்காதீர்கள்.

அனுபவமுள்ள ஒருவருடன், முகவலையணிந்து, பிற்பகலில் பணியைத் தொடங்குங்கள். தேங்காய்ப் பொச்சுப் புகையை மெதுவாகச் செலுத்தினால், தேனீக்கள் வயிறு நிரம்பத் தேனை உறிஞ்சிச் சாந்தமடையும். பொந்தின் வாயைப் பெருப்பித்து, அடைகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுங்கள். புழுக்களுள்ள அடைகளைப் பெட்டியின் சட்டங்களில் வாழைநாரால் கட்ட வேண்டும். தேனடைகளை வேறாக வையுங்கள். சிந்திய தேன் எறும்பை அழைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இராணித் தேனீ. ஏனையவற்றை விட உடல் நீண்டிருக்கும் அதனை நசுக்கிவிடாதீர்கள். அது பெட்டிக்குள் சேர்ந்தால் மற்றவை தாமே பின்தொடரும். இல்லையேல் உழைப்பெல்லாம் வீண். இருட்டும்வரை பெட்டியைப் பொந்தருகே வைத்து, யாவும் நுழைந்தபின் வாயிலை மூடி, சில கிலோமீற்றர் தொலைவிற்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்த வளவில் வைத்தால் மறுநாள் பழைய மரத்திற்கே திரும்பும்.

கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மெழுகின் வாசனை வேறொரு கூட்டத்தை ஈர்க்குமாதலால், பொந்தை நன்கு சுரண்டிக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.