லூஸ் எவ்வளவு விடணும்?



வீட்டில் மிஷின் போட்டு கூலிக்குத் தைக்கும் நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது: "அக்கா, அளவெல்லாம் சரியாத்தான் எடுத்தீங்க, போட்டா மூச்சு முட்டுதே!" துணியோ அவங்க துணி. குறைத்து வெட்டிவிட்டால் கூலியும் போய், துணிக்கும் காசு கொடுக்க வேண்டிவரும்.

டேப் பிடித்ததில் தப்பு இருக்காது. உடம்பு அளவு வேறு, உடுப்பு அளவு வேறு. மூச்சு விட, கை தூக்க, குனிந்து நாற்று நட, உடம்பைவிட உடுப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கணும். அதுதான் லூஸ். மார்புச் சுற்றில் ஜாக்கெட்டுக்கு 1½ முதல் 2 அங்குலம் போதும். சுடிதார் டாப்ஸுக்கு 3, 4 அங்குலம். நைட்டிக்கு 6-க்கு மேலேயே விடலாம். பனியன் துணி இழுத்தால் நீளும், அதற்கு லூஸே வேண்டியதில்லை.

சறுக்குவது கணக்கில்தான். மார்பு 36, லூஸ் 2, ஆக 38 அங்குலம். துணியை நாலாக மடித்து வெட்டுகிறோம், அதனால் ஒரு பாகத்துக்கு 9½. சிலர் 36-இல் கால் பங்கு 9 என்று போட்டு, அதோடு 2-ஐச் சேர்த்து 11 வைத்து விடுகிறார்கள். சுற்றில் 8 அங்குலம் கூடி, தொளதொள என்று தொங்கும்!

உள் தையலுக்கு விடும் துணி தனி. அது உள்ளே மடிந்து போகும், உடம்புக்குக் கிடைக்காது. 9½ உடன் 1 அங்குலம் சேர்த்து 10½-இல் வெட்டுங்கள். ஊக்குப் பட்டிக்குத் தனியாக விடணும்.

அளவு ஜாக்கெட் கொடுத்தால்? அதில் லூஸ் ஏற்கெனவே இருக்கு. மறுபடி சேர்க்கக் கூடாது. "இது இப்போ சரியா இருக்கா, பிடிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் பழைய ஜாக்கெட்டை நம்பவே வேண்டாம், டேப் வைத்து எடுங்கள்.

கைக்குழியை ஆழமாக வெட்டினால் கை தூக்க வசதி என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது தலைகீழ். குழி ஆழமானால் கை தூக்கும்போது ஜாக்கெட்டே சேர்ந்து மேலே ஏறும். குழி அக்குளை ஒட்டி இருக்கட்டும், லூஸை கைச் சுற்றில் 1 அங்குலம் கொடுங்கள்.

புது காட்டன் துணியை நனைத்துக் காய வைத்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே விட்ட லூஸ் சுருங்கிப் போகும். பக்கத் தையலை முதலில் கையால் பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றபடி மட்டும் பார்த்தால் போதாது. கை தூக்கட்டும், தரையில் உட்கார்ந்து எழட்டும். எங்கே பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அதன்பிறகு மிஷினில் வையுங்கள்.