மலைநாட்டில் யுத்தத்தின் சுவடுகள் – 7: செம்மறித்தோல் கோட்டு

சென்ற வாரம் தியத்தலாவை முகாமோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் ஹட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தில், ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவருடைய வீட்டுத் தகரப் பெட்டியினுள் கண்ட ஒரு வஸ்துவைப் பற்றியே எழுதுகிறேன்.

"தொரை சீமைக்குப் போறப்போ எங்க அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனாரு தம்பி. அப்பா பங்களாவுல அப்பு. பனி மாசத்துல விடியக்காலம் இதைப் போட்டுக்கிட்டுத்தான் மேல ஏறுவாரு" என்று சொல்லியபடியே பெரியவர் அதை எடுத்துக் கட்டிலின் மேல் விரித்தார். வெளிப்புறம் கபில நிறத் தோல், முழங்கை மடிப்புகளில் வறண்ட குளத்து மண்ணைப் போல வெடித்திருந்தது. உட்புறம் முழுவதும் பழுப்பேறிய கம்பளிமயிர். காதுவரை தூக்கிவிடத்தக்க அகன்ற காலர். முன்கைகளிலும் நீண்ட ஜிப். கர்ப்பூர வாசனையையும் மீறிக்கொண்டு பழைய ஆட்டுமயிரின் நெடி எழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானிகள் அணிந்த இர்வின் கோட்டு அது.

லெஸ்லி இர்வின் என்பவர் ஓர் அமெரிக்கர். 1919இல் விமானத்திலிருந்து குதித்து, நடுவானில் தாமே கயிற்றை இழுத்துப் பரசூட்டை விரித்துக் காட்டியவர். பின்னர் இங்கிலாந்திலே லெட்ச்வர்த் நகரில் தொழிற்சாலை நிறுவி, பரசூட்டோடு இந்தக் கோட்டையும் செய்து கொடுத்தார். கீழே வியர்வை வழிய நின்ற மனிதன் மேலே செல்ல ஆட்டுத்தோல் பூண்டான் என்றால் சமவெளியார் வியக்கக்கூடும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 பாகை வெப்பம் குறையும் என்பதை, தை மாசியில் நுவரெலியாத் தோட்டங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைக் கண்ணாலே கண்ட நம்மவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நுவரெலியாவின் உயரம் 6,000 அடிக்குச் சற்று மேல். விமானிகளோ 20,000 அடியில், நீர் உறையும் நிலைக்கும் வெகு கீழான குளிரில், இருந்த இருக்கையிலேயே பறந்தார்கள்.

ஆரம்பத்தில் பெரிய தோல்களைக் கொண்டு சில துண்டுகளிலேயே தைக்கப்பட்ட இக்கோட்டுகள், யுத்தம் முற்றித் தோலுக்குப் பஞ்சம் வந்தபின் சிறுசிறு துண்டுகளை ஒட்டித் தைக்கப்பட்டன. பெரியவரின் கோட்டு முதுகிலே பல தையல்களைக் கொண்டிருந்தது; ஆகவே பிற்காலத்தது. அதற்குமேல் அறிவதற்கு உட்கழுத்திலுள்ள துணிச்சீட்டையே பார்க்க வேண்டும். கிரீடமும் விமான அமைச்சின் ஏ.எம். எழுத்துகளும் அளவும் அதிலேதான் இருக்கும். உடையவனே மையால் தன் பெயரை எழுதியிருப்பதும் உண்டு. நான் காலரைப் புரட்டினேன். நான்கு மூலைகளிலும் நூல் துளைகள் மாத்திரமே எஞ்சியிருந்தன. பல வருஷங்களுக்கு முன் ஜிப் மாற்றக் கொடுத்தபோது, தையற்காரர் அழுக்குத் துணியென்று அதைக் கத்தரித்துவிட்டாராம். அன்று எனக்குண்டான துக்கம் இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால், அந்தத் துரை எந்தப் படையணியில் பறந்தார் என்பதற்கான ஒரே தடயம் அது. அமெரிக்க விமானிகள் தங்கள் ஏ-2 தோல் ஜாக்கெட்டுகளின் மார்பில் அணிச் சின்னத்தைத் தைத்தும் முதுகிலே சித்திரம் தீட்டியும் வைத்தார்கள். பிரித்தானியரோ பெரும்பாலும் கோட்டைச் சின்னமின்றியே அணிந்தார்கள். நம் தீவைக் காத்த அணிகளுக்குச் சின்னங்கள் இல்லாமலில்லை. கொக்கலையிலிருந்து பறந்த கனடாவின் 413ஆம் அணி யானைத் தலையைச் சின்னமாகக் கொண்டது. அவ்வணியின் லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்கு வந்த சில நாட்களுக்குள், 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, தென்கிழக்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, தம் கட்டலினா விமானம் சுடப்பட்டு வீழுமுன் செய்தி அனுப்பிச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தபோது, இரத்மலானையிலிருந்து 30ஆம் அணியும், குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் அணியும் ஹரிகேன் விமானங்களில் எழுந்து எதிர்த்தன. 258ஆம் அணியிலிருந்து எழுந்த 14 விமானங்களில் 9 வீழ்ந்தன. பிற்காலத்தில் காங்கேசன்துறையிலிருந்தும் மின்னேரியாவிலிருந்தும் லிபரேட்டர் விமானங்களைச் செலுத்திய 160ஆம் அணியோ வாளேந்திய சிங்கத்தைச் சின்னமாகக் கொண்டு, தன் குறிக்கோள் வாசகத்தைச் சிங்கள பாஷையிலேயே பொறித்துக்கொண்டது. ஒரு கோட்டை இவற்றுள் ஒன்றோடு இணைக்கச் சீட்டிலுள்ள பெயர் ஒன்று போதும். யுத்தத்தில் மாண்டவராயின், கண்டியிலுள்ள யுத்த மயானம் போன்ற இடங்களின் பதிவேடுகளே அணியைச் சொல்லிவிடும்.

மேல்நாட்டில் இக்கோட்டுகளுக்கு இன்று பெருவிலை. பெயரும் அணியும் நிரூபணமாகிவிட்டால் விலை பன்மடங்காகும். அதனாலேயே பழைய தோலிலே புதிய சின்னம் தைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். சேகரிப்பவன் சின்னத்தைப் பார்த்து மயங்காமல், அதைச் சுற்றியுள்ள நூலையும், சின்னத்தின் அடியிலுள்ள தோலின் நிறத்தையும் பார்க்க வேண்டும். எண்பது வருஷம் வெளிச்சம் படாத தோல் சுற்றுப்புறத்தைவிடக் கருத்திருக்கும். நுவரெலியா பேல் பஜாரில் தேடலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அங்கே தொங்குபவை நம் காலத்து ஆடைகள். பழையவை பங்களா அப்புமார், டிரைவர்மார், கங்காணிமார் வீட்டுப் பெட்டிகளிலேதான் இருக்கின்றன.

அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்குமானால், விற்கவும் வேண்டாம், துவைக்கவும் வேண்டாம், தையற்காரரிடம் கொடுக்கவும் வேண்டாம். காலருக்கு உட்புறம் இருக்கும் சீட்டைப் படம் பிடித்து, கொடுத்த துரையின் பெயர், தோட்டத்தின் பெயர், வாங்கிய உங்கள் பாட்டனாரின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் இன்றைக்கே எழுதி, அந்தக் கொப்பியையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.