மேட்டுக் கொசுவும் பள்ளத்துக் கொசுவும்

புக்கிட் தெங்காவில் நின்று மேற்கே பாருங்கள். ஜூரு ஆறும், கண்டல் காடும், அதற்கப்பால் கடலும். கிழக்கே திரும்பினால் புக்கிட் மெர்தாஜாம் மலை. இரண்டுக்கும் இடையே சில மைல்கள்தாம். ஆனால் அதற்குள் கடலோர உப்புநிலம், தாழ்ந்த சமவெளி, குன்றடி என மூன்று வகை நிலம் அடங்கிவிடுகிறது. நிலத்தின் ஏற்றத்தாழ்வுக்கேற்பச் செடிகொடிகள் மாறுவதை நாம் கண்ணால் காண்கிறோம். கொசுவும் அப்படித்தான் மாறுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிற்றுயிர்களுக்கெல்லாம் இப்படி ஒரு மேடு பள்ளக் கணக்கு உண்டு. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் ஒருவகை உண்ணி சுமார் 4,000 அடியிலிருந்து 10,500 அடி வரைதான் காணப்படும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவிலும் பல இனங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டிமார்.

1901-ஆம் ஆண்டு. கிள்ளானில் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவ்வாண்டு புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்தான்) மலேரியா தலைவிரித்தாடியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசுமளவுக்கு நிலைமை முற்றியது. கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். காட்டை வெட்டினார், சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடித்தார். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. சமவெளித் தோட்டங்களிலும் இதே வெற்றி. ஏனென்றால் அங்கே இருந்தது அம்புரோசஸ் இனம். மரநிழலில் தேங்கி நிற்கும் நீர்தான் அதற்கு வேண்டும். நிழலும் தேக்கமும் போனால் அதுவும் போயிற்று.

இனி மேட்டுக்கு வருவோம். ரப்பர் விலை ஏறிய காலம் அது. தோட்டங்கள் குன்றுகளின்மேல் ஏறின. அங்கும் காட்டை வெட்டினார்கள். பள்ளங்களில் வாய்க்கால் எடுத்து, புல் பூண்டின்றிச் சுத்தமாக வைத்தார்கள். காய்ச்சல் குறையவில்லை. மாறாக, ஏறியது! பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கொயினா குடிக்கச் செய்தும் சாவு நிற்கவில்லை. 1911-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர். கப்பலேறி வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் எல்லாரும் மலேரியாவால் மட்டும் மடியவில்லை, வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் உண்டு. ஆனால் முதல் எமன் மலேரியாதான்.

காரணத்தை வாட்சன் தேடிக் கண்டுபிடித்தார். குன்றடியில் இருந்தது வேறோர் இனம், மக்குலாட்டஸ். இதன் குணம் நேர்மாறானது. நிழல் இதற்கு ஆகாது. வெயில் விழும் தெளிந்த நீர், மெல்ல ஓடும் ஊற்று, கூழாங்கல் இடுக்கு இவைதான் இதற்குத் தொட்டில். காடு அடர்ந்திருந்தவரை இதற்கு அங்கே பெருக வழியில்லை. காட்டை வெட்டி, வாய்க்காலைப் பளிச்சென்று துலக்கிவைத்த மனிதனே இதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டான். லயங்களோ, தண்ணீர் வசதிக்காக அந்தப் பள்ளங்களின் அருகிலேயே இருந்தன.

மேட்டு நிலத்துக்கு வாட்சன் வேறு வழி சொன்னார். ஊற்று நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோய்விடுவது. வெயில் படாத நீரில் மக்குலாட்டஸ் முட்டையிடாதல்லவா? சிலாங்கூர் சீபீல்ட் தோட்டம் இம்முறையைக் கையாண்ட தோட்டங்களுள் ஒன்று. குழாய்க்குச் செலவு அதிகம். எனவே பிறகு எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. முதுகில் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாக எண்ணெய் அடித்துச் செல்லும் ஆளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கடலோரத்தில் சுந்தாயிக்கஸ் என்ற மூன்றாவது இனம். உப்பு கலந்த, வெயில் படும் குட்டைகளே அதற்குப் பிடித்தமானவை. இங்கே வேலை அணையும் மதகும் கட்டிக் கடல்நீரைத் தடுப்பது. ஆக, ஒரு நோய்க்கு மூன்று நிலத்தில் மூன்று வைத்தியம்.

இன்னும் உயரப் போனால்? குளிர் கூடக் கூட, கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி முதிர்வது தாமதமாகிறது. கொடிய வகைக் கிருமி ஏறக்குறைய 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே முதிர்வதே இல்லை. இலங்கையில் 1934-35-இல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியா, வறண்ட ஆற்றுக் குட்டைகளில் பெருகிய குலிசிபேசிஸ் கொசுவால் வந்தது. உயர்ந்த தேயிலை மலைகளில் இருந்த நம்மவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

பழங்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா 2018-இல் மலேசியாவுக்குள் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்பது உண்மை. ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. நோலெசி என்பது அதன் பெயர். சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் அது மனிதர்களிடம் பரவலாக இருப்பதைப் பல்பீர் சிங் குழுவினர் 2004-இல் வெளியிட்டார்கள். இதைச் சுமப்பவை காட்டுக் கொசுக்கள். சபாவில் ஓர் இனம், சரவாக்கில் ஓர் இனம், பகாங்கில் வேறோர் இனம். நிழல் விரும்பும் இக்கூட்டம் காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும் கடிக்கிறது.

டுரியான் தோப்புக்கோ, மலையேற்றத்துக்கோ காட்டோரம் போய்வந்த சில நாள்களில் காய்ச்சல் கண்டால், வெறும் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள். நோலெசிக் கிருமி 24 மணி நேரத்துக்கொருமுறை பெருகுவது. நாள் கடத்த இடம் தராது. அரசாங்க கிளினிக்குக்குப் போய் எந்தக் காட்டுப் பக்கம், எப்போது போனீர்கள் என்பதை டாக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு அந்த ஒரு சொல்லே வழிகாட்டும்.