பழைய கைத்தொலைபேசியை எறியத்தான் வேண்டுமா?

சென்ற வாரக் கலந்துரையாடலின் முடிவில் பெரியவர் ஒருவர் தம் கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, திரையும் நல்லா இருக்கு, பேட்டரியும் தாங்குது. ஆனா, இதுக்கு இனிமே புது மென்பொருள் வராதாம். குப்பையிலதான் போடணுமா?" என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை, இதோ பதில்.

மனிதர்கள் எழுதும் மென்பொருளுக்கு மூல நிரல் என்று பெயர். அதைக் கருவிக்குப் புரியும் இயந்திர மொழியாக மாற்றுவதே 'கம்பைல்' செய்வது. லினக்ஸின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே, தயாரிப்பாளர் கைவிட்டாலும் மற்றவர்கள் அந்த வேலையைத் தொடரலாம்.

கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஏஆர்எம் வகைச் சில்லு. பல கணினிகளில் இருப்பது வேறு வகை. அதன் இயந்திர மொழியும் வேறு. சிறிய கைத்தொலைபேசியிலேயே கம்பைல் செய்தால் அதிக நேரம் பிடிக்கும். அதனால் வேகமான கணினியில் வைத்தே கைத்தொலைபேசியின் மொழிக்கு மாற்றுகிறார்கள். தமிழ் நிகழ்ச்சிக்கு மலாய் வசனவரிகள் எழுதுவதைப் போலத்தான்: எழுதுபவர் தமிழராக இருந்தாலும், படிப்பவருக்குப் புரியும் மொழியில்தானே எழுத வேண்டும்!

நோக்கியா என்900 நல்ல எடுத்துக்காட்டு. மேமோ என்ற லினக்ஸ் மென்பொருளோடு 2009இல் வந்தது. நினைவகம் 256 மெகாபைட்தான். 2011இல் நோக்கியா விண்டோஸ் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் ஆர்வலர்கள் 'மேமோ லெஸ்தே' என்ற பெயரில் அதற்குப் புதிய மென்பொருளை உருவாக்கினர். 2017இல் அறிமுகமான 'போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்' திட்டமோ, ஒரு கைத்தொலைபேசி 10 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதையே குறிக்கோளாகக் கொண்டது.

இருந்தாலும் எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் வேறு மென்பொருளை ஏற்ற முடியாதபடி தயாரிப்பாளர் பூட்டு போட்டிருப்பார். சிலவற்றில் கேமராவை இயக்கும் மூல நிரல் வெளியிடப்பட்டிருக்காது. படம் எடுக்க முடியாமல் போகலாம். எனவே ஐயா, உங்கள் கைத்தொலைபேசி அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளதா, அதில் எவையெல்லாம் இயங்கும் என்று முதலில் பாருங்கள். படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான் என்றால் சோதனையில் இறங்க வேண்டாம்.

கடைக்குப் போனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் தருவீர்கள், பிறகு பூட்டைத் திறக்க விடுவீர்களா என்றும் இனிக் கேட்போம். காசு நம்முடையது அல்லவா!