கண்டதா? கேட்டதா?

"நாளைக்கு விடுமுறையாம்!" சென்ற ஐப்பசி மழையில் ஒரு மாலை நம் வகுப்பில் பரவிய செய்தி இது. யார் சொன்னது என்று கேட்டால் விடை இல்லை. ஆனாலும் சொன்னவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. 'ஆம்' என்ற ஓர் அசையைச் சேர்த்து, தான் கேள்விப்பட்டதுதான் என்று தப்பித்துக்கொண்டாள்.

இந்த 'ஆம்' செய்யும் வேலையை விரிவாக்கி, இலக்கண விதியாகவே வைத்துக்கொண்ட மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் லாஅடன். எந்த நாட்டிலும் பிறந்து வளர்ந்த மொழி அன்று அது. அமெரிக்க மொழியியல் அறிஞரும் நாவலாசிரியையுமான சூசெட் ஹேடன் எல்ஜின் அம்மையார் 1982-இல் உருவாக்கியது. பெண்கள் தாம் உணர்வதைச் சொல்ல, இருக்கும் மொழிகள் போதவில்லை என்பது அவர் கருத்து. போதுமான மொழி ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போமே என்று முனைந்தார்.

லாஅடனில் ஒரு செய்தியைச் சொன்னால், அது நமக்கு எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் சிறு சொல் இறுதியில் வர வேண்டும். நாமே கண்டது, கேட்டது, உணர்ந்தது என்றால் 'வ'. எவருக்கும் வெளிப்படையானது என்றால் 'வி'. கனவில் கண்டதற்குக்கூட 'வெ' என்று தனிச் சொல் உண்டு! பிறர் சொல்லி அறிந்ததற்கு 'வாஅ' (அளபெடை போல நீட்டிப் படிக்கவும்). சொன்னவரை நம்பினால் அதன் தொடக்கத்தில் குரல் உயரும். நம்பாவிட்டால் முடிவில் உயரும். நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். சொன்னவருக்குத் தீய நோக்கம் இருந்ததாகக் கருதினால், சீறுவது போன்ற ஓர் ஒலியும் கடைசியில் சேரும்.

நமக்குத் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றில் இதைப் பொருத்திப் பார்ப்போம். உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாக மகதலா மரியாள் சீடர்களிடம் சொன்னார். அவருடைய வாக்கியம் 'வ' என்றே முடிந்திருக்கும். அவர்கள் நம்பவில்லை என்கிறது மாற்கு நற்செய்தி. அவர்கள் அதைத் தமக்குள் பேசியிருந்தால், முடிவில் குரல் உயரும் 'வாஅ'தான். தோமையாருக்கோ, எட்டு நாள் கழித்துத் தாமே கண்டபின் 'வ' கிடைத்தது. காணாமல் நம்பும் நமக்கு உரியது தொடக்கத்தில் குரல் உயரும் 'வாஅ'.

மனத்துக்குள்ளும் உடலுக்குள்ளும் உணர்வதற்கும் இதே 'வ'தான். ஒருத்தி "தலை வலிக்கிறது, வ" என்கிறாள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, உன் கற்பனை" என்று சொல்ல வருபவர் தம் வாக்கியத்தை எந்தச் சொல்லால் முடிப்பார்? வலிப்பது அவர் தலை அல்லவே! அவருக்கு 'வ' சொல்ல வழியில்லை. எல்ஜின் அம்மையார் செய்த ஏற்பாடுகளில் நமக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பெண்கள் இம்மொழியை ஏற்கிறார்களா என்று பார்க்க அவர் பத்தாண்டுகள் கொடுத்தார். அதிகம் பேர் ஏற்கவில்லை. 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படங்களின் போர்வீரர்களுக்காக ஆக்கிய கிளிங்கன் மொழியோ அதே காலத்தில் செழித்தது. 2015-இல் அம்மையார் காலமானார். அவர் எழுதிய இலக்கணமும் அகராதியும் இருக்கின்றன.

அந்த மழைநாள் விடுமுறை என்னவாயிற்று என்கிறீர்களா? விடவில்லை, வ. நனைந்துகொண்டே வந்து பார்த்தோம்.